எப்ப போவா?

எனக்கு ஆங்கிலத்தில் 'மாட்டேன்' சொல்ல வராது. தமிழில் அந்தச் சொல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ என்றால் மாட்டேன், அக்காவுக்கு ஒரு போன் எடுங்கோ என்றால் மாட்டேன் என்று என் மனைவி வதனியிடம் கூசாமல் சொல்லுவேன். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் எதிரில் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதாவது கேட்டுவிட்டால் போதும். "நோ ப்ராப்ளம்" என்று என் வாய் தானாகவே சொல்லிவிடும். அவர் என்ன கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கும். லண்டனில் இப்படி எனக்குக் கிடைத்தவை: பல்லுப்போன ஒரு பியானோ, யாரோ ஒருவருடைய மரதன் ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் வேலை, கடைசியாக ஒரு பாம்பு.

நான் வீடுகளைச் சூடாக்குகிற பொயிலர் திருத்துகிறவன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத அந்த மாரிகாலத்தில், பீற்றர் என்ற வயதானவர் வீட்டுப் பொயிலரைத் திருத்தப் போனேன். மனுசன் வீட்டைக் காலிசெய்துவிட்டு அவுஸ்திரேலியாவில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். வேலை முடிந்ததும் தேநீர் தந்து, கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலமாரியைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு மரப்பெட்டி, முன்பக்கம் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு. உள்ளே என் முன்னங்கைப் பருமனில் ஒரு உருப்படி சுருண்டு கிடந்தது. "வெரி நைஸ்" என்றேன். (அந்த வீட்டுத் திரைச்சீலைக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன்.)

பெண்பிள்ளை என்றார். சாதுவான குணம், கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள், சத்தம் போடமாட்டாள், வீட்டில் இருப்பதே தெரியாது என்றார். கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி இருக்கிறதே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தபோது, தலையைச் சாய்த்து ஏதோ கேட்டார். "நோ ப்ராப்ளம்" என்றேன். பீற்றர் என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். பொயிலர் திருத்தியதற்கு இவ்வளவு நன்றியா என்று நானும் நெகிழ்ந்துபோய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கி என் வான் வண்டியில் ஏற்ற அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோதுதான் எனக்கு விசயம் உறைத்தது.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் அப்போது எங்களுக்கு இரண்டு அறை பிளாட். வதனி பெட்டியைப் பார்த்தாள், உள்ளே இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி நின்றுகொண்டு அரை மணித்தியாலம் அழுதாள். அழுது முடித்து இறங்கி வந்து இரண்டு நிபந்தனை போட்டாள்.

"ஒண்டு, விளக்கு வைச்சாப் பிறகு அந்தப் பேரை இந்த வீட்டில ஒருத்தரும் சொல்லக் கூடாது. பேர் சொன்னா வந்து நிக்கும்."

"ஏற்கனவே வந்து நிக்குதே, இனி என்னத்துக்கு..."

"வாயை மூடுங்கோ. ரெண்டு, ஒரு மாதம் தாறன். அதுக்குள்ள நீங்கள் அதைப் பழக்கி, கையில தூக்கி, பெட்டியைத் துடைச்சு, திருப்பி உள்ள வைக்கோணும். என்னைக் கூப்பிடக் கூடாது. ஏலாது எண்டா அது போகோணும். அம்மாவுக்கு நான் பார்த்துச் சொல்லுறன்."

முதல் நிபந்தனையின் கனம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லண்டன் மாரிகாலத்தில் நாலு மணிக்கே இருட்டி, வதனி சாமி விளக்கைக் கொளுத்திவிடுவாள். நான் வேலையால் வர ஐந்தாகிவிடும். ஆகவே பாம்பைப் பாம்பு என்று சொல்ல எனக்குச் சனி, ஞாயிறு பகலில் மட்டும்தான் அனுமதி. மற்ற நேரத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? பீற்றர் சொன்ன இனத்தின் பெயரையே வைத்துக்கொண்டோம். போவா. பெண்பிள்ளை என்றதால் மரியாதையாக 'அவ'. போவா படுத்திருக்கிறா, போவா தண்ணி குடிக்கிறா, போவா பார்க்கிறா. எங்கள் வாயில் இது நன்றாகப் படிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது என்பது ஏனோ இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

பழக்குவது எப்படி என்று பீற்றர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதல் ஒரு கிழமை, ஏழு நாளும், கிட்டவே போகக் கூடாது, புது இடம், அவள் தன்பாட்டில் அடங்கட்டும் என்றார். இந்த அறிவுரையை நான் அணுவளவும் பிசகாமல் பின்பற்றினேன். சொல்லப்போனால் ஒரு கிழமையை இரண்டு கிழமையாக்கி, அவள் அடங்குவதற்கு மேலதிக அவகாசமும் கொடுத்தேன். நான் எவ்வளவு பொறுமைசாலி என்று வதனியிடம் பெருமையடித்தபோது, "பொறுமைசாலிக்கு ஏன் கால் நடுங்குது?" என்று கேட்டாள்.

அடுத்தது வாசம். நம் உடம்பில் போட்ட துணியைத் தோய்க்காமல் உள்ளே வைத்தால், அந்த மணத்துக்கு அவள் பழகிவிடுவாளாம். நீலக்கோடு போட்ட என் லுங்கிச் சாரத்தை நாலு இரவு கட்டிப் படுத்துவிட்டு, சுருட்டி உள்ளே வைத்தேன். போவா வந்து நாக்கை நீட்டி மோந்து பார்த்து, பெட்டியின் மறு மூலைக்குப் போய்விட்டாள். "நானும் அதைத்தான் கலியாணம் கட்டின நாளில இருந்து செய்யிறன்" என்றாள் வதனி. ஆனால் இரண்டு நாளில் போவா சாரத்துக்கு மேலேயே ஏறிப் படுக்கத் தொடங்கினாள். எனக்குப் பிடிபடாத சந்தோசம்.

மூன்றாவது, தொடுவது. மேலே இருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது, பக்கவாட்டில் போக வேண்டும்; முதலில் ஒரு தடியால் மெதுவாகத் தொட்டு, இது சாப்பாடு இல்லை என்று அறிவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தடி ஏது? குசினியில் இருந்த அகப்பையை எடுத்துக்கொண்டேன். (அந்த அகப்பை பிறகு குசினிக்குத் திரும்பவில்லை. வதனி புதிது வாங்கி, அதில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள்.) கையில் அடுப்புக் கையுறை, கண்ணில் வேலைக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, கழுத்தில் மப்ளர். அகப்பைக் காம்பால் தொட்டேன். போவா, பொயிலரில் காற்றுப் போகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றாள். அடுத்த நொடி நான் குசினியில் நின்றேன். இடையில் இருந்த கதவை எப்படித் திறந்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

இரண்டு தரம் கடியும் வாங்கினேன். விசமில்லை, ஊசி குத்தின மாதிரிச் சின்னச் சின்னக் காயம், அவ்வளவுதான். முதலாவது அவள் பிழை. இரண்டாவது முழுக்க முழுக்க என் பிழை. கோழி வெட்டிய கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விட்டால், பாவம் அவள் என்னத்தை என்று நினைப்பாள்? அன்று வதனி, "உங்களில பெட்டி மணக்குது" என்று என் தலையணையைச் சின்ன அறைக்குள் எறிந்துவிட்டாள். நானும் போவாவும் ஒரே அறை வாசிகளானோம். எனக்குக் கட்டில், அவளுக்குப் பெட்டி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் அது நடந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையைச் சாரத்தின் மேல் வைத்திருந்தேன். போவா மெதுவாக வந்து, என் மணிக்கட்டில் தாடையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்குவதற்கு இன்னும் விடவில்லைதான். கை வயிற்றுக்குக் கீழே போனால் 'ஸ்ஸ்ஸ்'. ஆனால் அந்தத் தாடை என் கையில் இருந்த நேரம், இவளைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏலாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாதம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமி போன் எடுத்தார். வதனியின் அம்மா ஹவுன்ஸ்லோவில் மூத்த மகனோடு இருந்தார். குளிர் கூடினால் அவருக்கு நாரி, அதாவது இடுப்பு, பிடித்துக்கொள்ளும். அப்படியான நேரம் எங்களிடம் வந்து, சின்ன அறையில் ஒரு கிழமை படுத்தெழும்பிவிட்டுப் போவது வழக்கம். அன்று தாயும் மகளும் என்ன கதைத்தார்கள் என்பதைப் பிறகு இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரித்துத்தான் அறிந்துகொண்டேன்.

"அம்மா, இந்தமுறை சின்ன அறை வசதிப்படாது. ஆள் இருக்கு."

"ஆர்?"

வதனிக்குப் பொய் வராது. விளக்கும் வைத்தாயிற்று. "இவர் வேலைக்குப் போன இடத்தில ஒரு வெள்ளைக்காரற்ர வீட்டில இருந்து கூட்டிக்கொண்டு வந்திட்டார். அவவுக்கு வேற போக்கிடம் இல்லையாம். போவா, அம்மா."

"எப்ப போவா?"

"அதுதான் அம்மா சொல்லுறன். போவா."

"போவா, போவா எண்டா, எப்ப போவா?"

இதற்கு மேல் தாயின் கூச்சலைக் கேட்கத் திராணியில்லாமல், வதனி போனை என் கையில் திணித்து, "சொல்லிட்டன், மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ" என்று கிசுகிசுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். சொல்லிவிட்டாள் என்றால் பாம்பு என்று சொல்லிவிட்டாள் என்றுதானே நான் நினைப்பேன்? என்னிடம் மாமி கத்தவும் இல்லை. எவ்வளவு பெருந்தன்மையான பெண்மணி என்று எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

"தம்பி, வதனி சொல்லுறது உண்மையோ?" மாமியின் குரல் மெல்லியதாக வந்தது.

"ஓம் மாமி. உங்களுக்குக் கோவமில்லைத்தானே?"

"நீங்கள் சொல்லுங்கோ, கேப்பம்."

சொன்னேன். மூன்று கிழமையாக இதைக் கேட்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவன் நான். "முதல் ரெண்டு கிழமையும் நான் கிட்டவே போகேல்லை மாமி. புது இடமெல்லோ, பயப்பிடுவா. இப்ப கொஞ்சம் கொஞ்சமாத் தொட விடுறா. என்ர சாரத்தைக் குடுத்தனான், அதுக்கு மேலதான் படுக்கிறா."

மாமி எதிலோ தொப்பென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"நானும் இப்ப அவவின்ர அறையிலதான் படுக்கிறன். வதனிதான் போகச் சொன்னவ."

"வதனி... அழேல்லையோ?"

"முதல் நாள் அழுதவ. இப்ப பழகிட்டா. சூடு இல்லாட்டி ஏலாது எண்டு அவவுக்குத் தனிய ஹீட்டர் போட்டுக் குடுத்திருக்கிறன். அதிலதான் வதனிக்குக் கொஞ்சம் எரிச்சல்."

"சாப்பாடு?"

"ரெண்டு கிழமைக்கு ஒருக்காத் தாராளம் மாமி. கூடக் குடுத்தாக் கொழுத்திடுவா."

"ஐயோ கடவுளே. அவ... ஓடிப் போகப் பார்க்கேல்லையோ?"

"பூட்டியெல்லோ வைச்சிருக்கிறன்! சட்டச் சிக்கல் ஒண்டும் இல்லை மாமி, இவைக்கு லைசென்ஸ் தேவையில்லை. வீட்டில வைச்சிருக்கலாம். நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோவன். சரியான வடிவு."

"வாறம்" என்றார் மாமி. போன் கட்டாகிவிட்டது. அவர் 'வாறன்' என்று சொல்லாமல் பன்மையில் 'வாறம்' என்று சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வதனி தந்த மாதத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தார்கள். மாமி. அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு மூத்த மச்சான். அவருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. இரண்டு பெட்டியை ஒரு கையால் தூக்குகிற மனுசன். மூன்றாவதாகத் தலைவர் மாமா. வதனியின் சித்தப்பா, ஏதோ ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு எப்போதோ தலைவராக இருந்தவர், இன்னும் இறங்கவில்லை. கல்யாணம் குழம்பினாலும் காணி குழம்பினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பாம்பைப் பார்க்க இத்தனை பேரா என்று நான் பூரித்துப்போனேன். விருந்தாளிகளுக்கு வடிவாகத் தெரிய வேண்டுமே என்று விடியவே பெட்டிக் கண்ணாடியைத் துடைத்து மினுக்கியும் வைத்திருந்தேன்.

"தேத்தண்ணி?" என்றாள் வதனி.

"வேண்டாம்" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். யாழ்ப்பாணத்து மனிதர் மூன்று பேர் ஒரே நேரத்தில் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அது போர்ப் பிரகடனம். அதையும் நான் கவனிக்கவில்லை. ஆனால் வதனி வழக்கம்போல் சுடுதண்ணிப் பையை நிரப்பிக் கொண்டுவந்தபோது மாமி மறுக்கவில்லை. மானம் வேறு, நாரி வேறு. பையை முதுகில் வைத்து, சால்வையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, விறைப்பாக நின்றார்.

தலைவர் மாமா தொண்டையைச் செருமினார். "இந்த இல்லத்தினுள் ஒரு பிரச்சினை புகுந்திருப்பதாக அறிகிறோம்."

"பிரச்சினை எண்டு சொல்லாதேங்கோ மாமா. அவ நல்ல சாது."

"உம்மட கையில என்ன காயம்?" மச்சானின் குரல் உறுமியது.

"கடிச்சவ. ரெண்டு தரம். பழகிற நேரம் அப்படித்தான் இருக்கும். நான் ஒண்டும் செய்யேல்லை, அகப்பையால மெதுவாத் தட்டினனான், அவ்வளவுதான்."

மாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தலைவர் மாமா கையை உயர்த்திச் சபையை அமைதிப்படுத்தினார். "எந்த நாட்டைச் சேர்ந்தவர்?"

"பூர்வீகம் தென்னமெரிக்கா. ஆனா இஞ்சதான் பிறந்தவ."

"உயரமோ?"

"ஆறடி. இன்னும் வளருவா."

"ஆறடி!" என்றார் மாமி. "என்ர பிள்ளை அஞ்சடிதானே!" என்று வதனியைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார். அம்மா ஏன் உயரத்துக்கு அழுகிறா என்று வதனி என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். (நீங்கள் இப்போது என்னைத் திட்டுவது எனக்குக் கேட்கிறது. ஆனால் நாட்கணக்காக ஒரே அறையில் பாம்போடு படுத்தவனுக்கு, எல்லாரும் பாம்பைப் பற்றியே கதைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.)

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த பையில் இருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். "நான் அவவோட கதைக்கோணும். பொம்பிளைக்குப் பொம்பிளை. ஒருத்தரும் வரக் கூடாது."

"மாமி, கண்ணாடியைத் திறக்காதேங்கோ, என்ன? வெளியால நிண்டு பாருங்கோ" என்றேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் பொயிலரே தேவையில்லை, வீடு முழுக்கச் சூடாகியிருக்கும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தோம். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. மாமி பேசத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும், அது முடிந்த இடத்தில் தமிழும்.

"ஹலோ. ஐ ஆம் வதனி மதர். எழும்பத் தேவையில்லை, படுத்திரும் பிள்ளை. நான் ஏச வந்தனான். உண்மையா ஏசத்தான் வந்தனான். ஆனா அவன் உமக்கு ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் சாப்பாடு தாறானெண்டு கேட்டாப் பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தனான். ஈட், ஈட். நோ ஸ்பைஸி."

நான் வதனியைப் பார்த்தேன். வதனி என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போவது தெரிந்தது.

"நீங்கள் அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

"நீர் என்ன சொன்னனீர்?" என்றேன் நான்.

"நான் போவா எண்டுதான்..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அந்தச் சொல் காற்றில் தொங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தமிழ் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் உள்ளே மாமி சொன்னது கேட்டது. "கையைத் தாரும் பிள்ளை. ஐயோ, குளிர்ந்து போயெல்லோ கிடக்கிறீர்! உடம்பெல்லாம் குளிர். கிட்ட வாரும், என்னட்டச் சுடுதண்ணிப் பை இருக்கு."

என் முகமும் வெளுத்தது. கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர் எப்படிக் கையைப் பிடிப்பார்? விடியக் கண்ணாடியைத் துடைத்தேன். மினுக்கினேன். கதவு நகராமல் இடையில் செருகுகிற ஆப்பை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டேன். கையை விட்டுப் பார்த்தேன். ஆப்பு இன்னும் பையில்தான் இருந்தது. போவா வெளியே வந்து, கட்டிலில் என் போர்வைக்குக் கீழே, என் மணத்தைத் தேடிப்போய்ச் சுருண்டு படுத்திருக்கிறாள். நான் அரும்பாடுபட்டுக் கொடுத்த பயிற்சியின் பலன்.

கதவைத் திறந்தேன். மாமி கட்டில் ஓரத்தில், ஸ்டூடியோவில் படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து இருந்தார். மடியில் இடியப்பப் பெட்டி திறந்தபடி. அவர் இடுப்பைச் சுற்றி, சுடுதண்ணிப் பையையும் சேர்த்து, போவா சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள். தலையை மாமியின் தோளில் வைத்திருந்தாள். என் மணிக்கட்டுக்கு ஒரே ஒரு தரம் தந்த தலை. மாமியின் கண்கள் மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

"தம்பி" என்றார், உதடு அசையாமல். "ஆர் இது?"

"போவா, மாமி."

"எப்ப?" என்றார் மாமி.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. மச்சான் எட்டிப் பார்த்தார். அடுத்ததாக நான் அவரைப் பார்த்தபோது சாப்பாட்டு மேசைக்கு மேல் நின்று, விளக்கு வயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைவர் மாமா செந்தமிழை அங்கேயே போட்டுவிட்டு, "ஐயோ அம்மா பாம்பு" என்று தூய பேச்சுத் தமிழில் கத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார். ஒரு சப்பாத்தை மட்டும் போட்டுக்கொண்டு போனார். மற்றது எங்கள் வாசலில் சங்கத்தின் சார்பில் காவல் இருந்தது.

நான் வீரனாக முன்னே போனேன். வால் பக்கத்தில் இருந்து மெதுவாக அவிழ்க்க வேண்டும் என்று பீற்றர் சொன்னது ஞாபகம் இருந்தது. வாலைத் தொட்டேன். போவா தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, 'ஸ்ஸ்ஸ்' என்றாள். மாமி சொன்னார்: "தொடாதேயும்! அந்தப் பிள்ளைக்கு உம்மைப் பிடிக்கேல்லை எண்டு தெரியுதெல்லோ!"

ஆள் யார் என்று தெரிந்த பிறகும் கட்சி மாறாத மாமியை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்கும்.

பை ஆறும்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று. மாமி அசையவில்லை. இறுக்குகிறாளா என்று வதனி அழுதழுது கேட்க, "இல்லையடி, சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. பாரம் நாரிக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த நேரத்துக்குள் நானும் வதனியும் முழுக் கதையையும் சொல்லி முடித்தோம். மேசைக்கு மேல் இருந்து மச்சான், "அப்ப பொம்பிளை ஒருத்தியும் இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். எங்களுடைய கல்யாணம் தப்பிவிட்டது. ஆனால் என் மாதம் முடிந்துவிட்டது. நான் தூக்கவில்லை. நிபந்தனை நிபந்தனைதான். வதனி என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை ஆறியது. போவா தானாகவே அவிழ்ந்து சோம்பலாக மடியில் இறங்கினாள். மாமி இடியப்பப் பெட்டியை மூடி வைத்தார். பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், பக்கவாட்டில் இரண்டு கையையும் கீழே கொடுத்து, முழு உடம்பையும் தாங்கி, பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குள் விட்டார். நான் ஆப்பைச் செருகினேன். அன்றைக்கு என் பங்களிப்பு அதுதான்.

"தூக்கியாச்சு" என்று மாமி மகளைப் பார்த்துச் சொன்னார். "ஆர் தூக்கினால் என்ன? போக்கிடம் இல்லாத பிள்ளை, இருக்கட்டும். வதனி, இப்ப தேத்தண்ணியைப் போடு."

வதனி கேத்தலை வைத்தாள். நான் கெஞ்சவும் வேண்டியிருக்கவில்லை, தீர்ப்பு முடிந்துவிட்டது.

ஆனால் மாமி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஹவுன்ஸ்லோ முழுக்கப் போன் எடுத்திருந்தார். அந்தக் கதை தேம்ஸைத் தாண்டி, கோயிலுக்குப் போய், கல்யாண மண்டபங்களுக்குள் புகுந்துவிட்டது. உண்மையை அவர் திரும்பப் போன் எடுத்துச் சொன்னார்தான். ஆறடி வெள்ளைக்காரியை விட்டுவிட்டு யார் பாம்பை நம்புவார்கள்? இன்றைக்கும் ஏதாவது சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, முன்பின் தெரியாத அம்மா ஒருவர் வதனியின் கையைப் பிடித்து, "அவ போயிட்டாவோ பிள்ளை?" என்று ஆறுதலாகக் கேட்பார். வதனி பெருமூச்சு விட்டு, "இல்லை அன்ரி, எங்களோடதான் இருக்கிறா. அவர் விடுறார் இல்லை" என்பாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவே மாட்டாள், சிரித்துவிடுவாள் என்று.

மாமி அடுத்த கிழமையே தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சின்ன அறையில் இறங்கினார். நாரிக்குச் சுகம் தெரிகிறதாம். ஒரு கிழமைதான் என்றார். வருடங்கள் ஓடிவிட்டன. பின்னேரங்களில் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தொலைக்காட்சியில் நாடகம் பார்க்கிறார்கள். என்னைக் கண்டால் ஒருவர் 'ஸ்ஸ்ஸ்' என்கிறார், மற்றவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்.

ஒரு நாள் குசினியில் வைத்து, நன்றாகக் குரலைத் தாழ்த்தி, வதனியின் காதோரமாகக் கேட்டேன். "உம்மட அம்மா... எப்ப போவா?"

சின்ன அறையில் இருந்து மாமியின் குரல் வந்தது.

"எப்ப எண்டு கேக்கிறதை விடும் தம்பி. போவா ஒரு இடமும் போகமாட்டா!"